சலவை அறைச் சாவியும் பித்தளை வட்டும்

சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் விரல்களை விட்டுப் போகாத ஒரு பித்தளை வாசம்தான் எனக்கு எண்பதுகளின் ஓஸ்டர்முண்டிகன், சுவிஸில் பேர்ண் நகரத்தை ஒட்டிய ஊர். எங்கள் அரிசி வாளிக்குள், அம்மாவின் பழைய சட்டைத் துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்த ஒரு வட்டிலிருந்து அந்த வாசம் வந்தது. உள்ளங்கை அளவான அதில் ஊரிலுள்ள இரண்டு ரயில் ஸ்டேசன்களின் பெயர்களும், இங்கிலாந்தில் செய்தவரின் முத்திரையும் ஆங்கிலத்தில் வெட்டப்பட்டிருந்தன.

அப்பா யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்டேசனின் மாஸ்டராக இருந்தவர். இங்கே ஆஸ்பத்திரிக் குசினியில் தட்டுக் கழுவினார். வெள்ளைக்காரன் போட்ட ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாமலிருக்க அவனே கொண்டுவந்த வழக்கத்தைப் பற்றிச் சாப்பாட்டு நேரங்களில் சலிக்காமல் சொல்வார்: இரண்டு ஸ்டேசன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் "டப்லட்" என்கிற பித்தளை வட்டு ஒன்று மட்டுமே வெளியே இருக்கலாம், அது கைக்கு வராமல் எந்த டிரைவரும் புறப்படக் கூடாது, போய்ச் சேரும் இடத்தில் அதை மாஸ்டரின் கையில் கொடுக்க வேண்டும். இவ்வளவு சொன்னவர், அப்படி ஒன்று எங்கள் அரிசிக்குள் கிடப்பதை மட்டும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. சந்தேகங்களை இலக்கமிட்டுப் பள்ளிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதும் பழக்கம் இருந்தது. ஒன்று, அப்பா அதை ஒளித்து வைத்திருக்கிறார். இரண்டு, அது அரசாங்கச் சாமான். மூன்று, அது இங்கே இருந்தால் அங்கே ரயில் ஓட முடியாது. நான்காவதை எழுதிவிட்டு அழித்தேன்: அப்பா கள்ளன்.

எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராத காலம் அது. யார் எங்களைப் பற்றி என்ன எழுதிவிடுவார்களோ என்று வீடே பயந்திருந்தது. எட்டு வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்தில் சலவை அறை ஒன்று, அதற்குச் சாவியும் ஒன்று. முறை முடிந்தவர் சாவியை அடுத்தவரின் கதவுப் பிடியில் கொழுவிவிட்டுப் போவதுதான் அங்கத்தைய வழக்கம். எங்களுக்கு அடுத்த முறை மேல்மாடியில் தனியாக இருந்த ஹெர் ஆம்ஸ்டுட்ஸ் என்ற ஓய்வுபெற்ற மனிதருடையது. அப்பா கொழுவ மாட்டார். அவர் வரும்வரை, ஒரு மணித்தியாலமானாலும், சாவியை உள்ளங்கையில் வைத்தபடி அவருடைய கதவடியில் நிற்பார்.

"இஞ்சருங்கோ, கொழுவிப்போட்டு வாங்கோவன். இஞ்ச ஓடுறது உடுப்பு மெசின், ரயில் இல்லை" என்பார் அம்மா.

"கொழுவிறதுக்கு இதென்ன உடுப்பே? கையிலை குடுக்கோணும்."

மூன்றாம் முறை ஹெர் ஆம்ஸ்டுட்ஸ் முகம் சிவக்க எங்கள் வாசலுக்கு வந்து, எனக்கு மட்டும் விளங்கிய பேர்ண் டொச்சில், அந்தப் பக்கத்து ஜெர்மனில், பேசினார். நான் மொழிபெயர்த்தேன்: "தன்ர கதவடியிலை என்ன வேவு பாக்கிறீங்களாம். இன்னொருக்கா நிண்டா பொலிசுக்கு எழுதுவாராம்."

"எங்கட கேஸ் முடிஞ்சுது" என்று அம்மா கதிரையில் இருந்துவிட்டார்.

அடுத்த முறையும் அப்பா போனார். விளங்கப்படுத்தலாமென்று நானும் பின்னால் ஓடினேன். கதவைத் திறந்தவரின் கையில் ஒட்டிய கடித உறை இருந்தது. அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க இங்கிலாந்து நீராவி ரயில்களின் படங்கள். ஒன்றில் டிரைவர் எஞ்சினிலிருந்து சாய்ந்து, பிளாட்பாரத்தில் நிற்பவரிடமிருந்து ஒரு பெரிய வளையத்தை வாங்குகிறார். டப்லட்டை வைத்துக் கொடுக்கும் வளையம் அது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, அரிசி வாளிக்கை கிடக்கிறதை எடுத்துக்கொண்டு வா."

எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

"கொண்டு போகாதை, களவெண்டு பிடிச்சுக் குடுப்பார்" என்று அம்மா மறித்தார். நான் துணியோடு தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஹெர் ஆம்ஸ்டுட்ஸ் கண்ணாடியைப் போட்டு வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார், ஒரு பொலிஸ்காரன் பார்ப்பது போல. பேச்சு இங்கிலீசுக்கு மாறியதால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ஏதோ கேட்டார், அப்பா பதில் சொன்னார். வட்டை அப்பாவின் கையில் திருப்பி வைத்துவிட்டு அவர் சாவியை எடுத்துக்கொண்டார். கடித உறை மற்றக் கையிலேயே இருந்தது.

"என்ன கேட்டவர்?" என்றேன் படியில்.

"இது எப்பிடி உன்னட்டை வந்தது எண்டு."

"களவெடுத்ததோ அப்பா?"

அவர் படியில் உட்கார்ந்தார். "கடைசியா வந்த டிரைவர் என்ர கையிலை தந்தவன். இதைத் திருப்பிப் போடுற ஸ்டேசன் மெசின் அண்டைக்கிரவே உடைஞ்சு போச்சு. மற்ற ஸ்டேசனிலை வாங்க ஆளில்லை. லைன் எல்லாம் குண்டு. ஆரிட்டைக் குடுக்கிறது? இது என்னட்டை இருக்குமட்டும் அந்த லைனிலை ஒருத்தனும் ரயில் எடுக்கேலாது, பிள்ளை."

நான் உடனே நம்பவில்லை. பொலிசிலிருந்து கடிதம் வருமோ என்று ஒரு மாதம் எங்கள் தபால்பெட்டியைக் காவல் காத்தேன். ஒரு சனிக்கிழமை வாசல் மணி அடித்தது. திறந்தால் ஹெர் ஆம்ஸ்டுட்ஸ், சாவியை உள்ளங்கையில் ஏந்தியபடி. அவருடைய முறை முடிந்திருந்தது. அடுத்தவர் வேறு வீடு. இருந்தும் முதலில் அப்பாவிடம் காட்டிவிட்டு, அந்த வீட்டுக் கதவடியில் போய்க் காத்து நின்றார். அந்தக் கடிதத்தை அவர் போட்டாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. வதிவிட அனுமதி அடுத்த வருடம் வந்தது.

இப்போது அந்தக் கட்டடத்தில் வீட்டுக்கொரு சலவை மெசின்; அந்தச் சாவி இல்லை, ஹெர் ஆம்ஸ்டுட்ஸின் பெயர்ப்பலகையும் இல்லை. ஊரில் யுத்தத்தில் தண்டவாளங்களையே பிடுங்கிப் பங்கர்களுக்கு மேல் அடுக்கிவிட்டார்கள். நான் ரயில் சமிக்ஞைகள் வரையும் அலுவலகத்தில், ஒரே லைனைக் கணினி இரண்டு ரயில்களுக்குக் கொடுத்துவிடுகிறதா என்று சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். வட்டு என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.

"ஆரும் வந்து கேட்டவையோ?" என்பார் அப்பா, தொலைபேசியில்.

"இல்லை அப்பா."

"வந்தா, கையிலை குடு."