மோடத்தில் கேட்ட குரல்

வலியசாலை வீட்டில் நேற்று இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க வந்தவர் கம்ப்யூட்டரில் வயரைச் செருகிவிட்டு, "கனெக்ட் ஆயி, சேச்சி" என்று மலையாளத்தில் சொன்னார். ஒரு சத்தமும் வரவில்லை. அந்த அமைதி எனக்கு என்னவோ போலிருந்தது.

என் பத்து வயதில் அப்பா ஒரு மோடம் வாங்கி வந்தார். டெலிபோன் லைனில் மாட்டி, இன்டர்நெட்டுக்கு டயல் செய்ய வேண்டிய எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தார். ஸ்பீக்கரில் மணி அடித்தது. பிறகு ஒரு வயதான பெண்ணின் குரல், மகனைக் கூப்பிடுவது போல: "மோனே, நீயாணோ?" பதிலுக்கு மோடம் விட்டு விட்டுக் கூவியது. லைன் அறுந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி டயல் செய்தது. மறுபடியும் அதே குரல்.

"ஏன்னா, யாரு அது உள்ளேர்ந்து பேசறது?" என்று அம்மா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மூன்று நாள் கழித்துத்தான் எண்ணில் ஓர் இலக்கம் தப்பு என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்க அப்பா அந்த நம்பருக்குப் போன் செய்தார். அந்த அம்மாள் அவரைப் பேசவே விடவில்லை. கல்ஃபுக்குப் போன மகன் இப்போதுதான் தினமும் கூப்பிடுகிறானாம். ஆனால் அழுகை மட்டும்தான் கேட்கிறதாம். அப்பா உண்மையைச் சொல்லாமலே ரிசீவரை வைத்துவிட்டு, எண்ணைத் திருத்தினார்.

ஒரு வாரம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாதபோது நான் பழைய எண்ணையே அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். மோடம் கூவத் தொடங்கியது.

"கரையண்டா மோனே," என்றாள். அழாதே, அழாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

லைன் தானாக அறுகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.