அக்கா கொண்டுவந்த பாலாற்று நரி

காட்டு விலங்கு ஒருவர் கைக்கு வந்துசேர்ந்தால், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தெரிவித்தவருக்கு எத்தனை நாளில் பதில் வரும் என்று கேட்காதீர்கள். மனுக்களுக்குப் பதில் எழுதியும், எழுதாமல் கட்டி வைத்தும் ஓய்வுபெற்றவன் நான்.

அக்கா கூரம் கிராமத்தில் பிறந்தார். எங்கள் ஐவரில் மூத்தவர். அம்மா நோயில் படுத்தபோது எங்களைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தாமும் படித்து ஆசிரியையானார். அத்தான் காலமான பின் செவிலிமேட்டில் என் பக்கத்து வீட்டில் தனியே இருந்தார். குடும்ப ஜெபத்தில் எங்கள் பெயர்களுக்குப் பிறகு சிறகொடிந்த கொக்கும் கால்போன உடும்பும் வரும். ஜெபம் நீள்கிறது என்று போதகர் ஒருமுறை சிரித்தார். “உண்டாக்கினவருக்கு அதுங்க வலி தெரியாதா ஐயா?” என்று அக்கா கேட்டார். அதன்பின் அவர் சிரிக்கவில்லை.

சென்ற ஆண்டு, பாலாற்றங்கரையில் பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் ஒரு நரி சிக்கிக் கிடந்தது. அக்கா அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, காலுக்கு மருந்திட்டு, பழைய கோழிக்கூண்டில் வைத்தார். எதிர்வீட்டு ஏகாம்பரம் தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

“இன்னா டீச்சரம்மா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கும் இட்டுக்கினு போவீங்களா?”

“அதுக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆவலையேப்பா.”

கூண்டுக்குள் பார்த்ததும் ஏகாம்பரத்தின் சிரிப்பு நின்றது. “பார்வையே சரியில்லம்மா. சார், பாரஸ்ட் ஆபீசுக்கு ஒரு போன் போடுங்க.”

“போனுக்கு ஏதுப்பா அத்தாட்சி?” என்றேன் நான். ஒப்புகை அட்டையோடு தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்றேன்.

அக்காவின் பெயரில் மனு எழுதினேன். ‘மனிதருக்குக் காயம் உண்டா’ என்று நானே ஒரு வரி சேர்த்தேன். அக்காவின் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

“கடிச்சிடுச்சாக்கா? கடிச்சிருந்தா எழுதணும்.”

“எழுதினா அத்த இன்னாடா பண்ணுவாங்க?”

“கொன்னுடுவாங்க.”

“இது அரிவாமணை வெட்டு. இல்லைன்னு போடு.”

போட்டேன். எனக்குத் தெரிந்து அக்கா சொன்ன ஒரே பொய் என் கையெழுத்தில் இருக்கிறது.

ஆறாம் நாள் நரி தண்ணீர்க் கிண்ணத்தைக் கண்டு பின்வாங்கியது. வாயில் நுரை தள்ளியது. கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே எட்டாம் நாள் இறந்தது. அக்கா அழுதபடி வேப்பமரத்தடியில் புதைத்தார். நான் அதற்கும் ஒரு கடிதம் அனுப்பினேன்.

ஏழு வாரம் சென்றது. ஒரு காலை, நான் நீட்டிய தண்ணீர் டம்ளரை அக்கா தள்ளிவிட்டார். “தொண்டை என்னமோ பண்ணுதுடா” என்றார். மின்விசிறியின் காற்றுக்கும் உடல் நடுங்கினார். மருத்துவமனையில் டாக்டர் கேட்டார்: “ஏதாவது கடிச்சுதா?”

மனுவில் எழுதியதையே சொன்னேன்: “இல்லை.”

அக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை.

போதகர் நற்கருணை கொண்டுவந்தார். அப்பத்தை வாங்கிய அக்காவால் கிண்ணத்தைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, “ஆண்டவருக்குத் தெரியும்” என்றார். மூன்றாம் நாள் அடங்கினார்.

அஞ்சாமல் அருகிலிருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எங்கள் எல்லோருக்கும் ஊசி போட்டுக் காத்தவர்களுக்கும், பெட்டியைச் சுமந்த ஏகாம்பரத்துக்கும், அவர் வீட்டாருக்கும் குடும்பத்தின் நன்றி. அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, அக்காவைப் போல வாயில்லாத உயிருக்கு இரங்குங்கள். ஆனால் பல்லோ நகமோ பட்டால் அன்றைக்கே கழுவி, அன்றைக்கே ஊசி போடுங்கள். என்னைப் போன்றவனிடம் யோசனை கேட்காதீர்கள்.

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. விலங்கை ஒப்படைக்க மனுதாரர் நேரில் வர வேண்டுமாம். தபால்காரர் நீட்டிய தாளில் அக்காவுக்காக நான் கையெழுத்திட்டேன். அன்று, அவரை அடக்கம் செய்த முப்பதாம் நாள்.