கயிற்றுக்காரியின் பேச்சு

நிறுவனத்தில் அவருக்குக் கைக்காரர் என்று பெயர். கார்ட்டூன் தொடரில் வரும் அத்தனை பேரின் கைகளையும் வரைவது அவர் வேலை; முகங்களுக்கு வேறு ஆட்கள். கைக்கு நாலே விரல், கட்டைவிரலையும் சேர்த்து. பதினோரு வருஷமாக அப்படியே வரைந்து பழகியதில், வீட்டில் சின்ன மகளுக்கு விரல்விட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் எட்டோடு நின்றுவிடுவார்.

தொடரின் கதை ஏதோ ஒரு பழங்கால நகரத்தில் நடக்கிறது. ஆனால் தொல்லைகள் எல்லாம் இன்றையவை. குடும்பத் தலைவர் களிமண் பலகை அலுவலகத்தில் குமாஸ்தா. விடுப்பு விண்ணப்பத்தைப் பலகையில் கீறி வெயிலில் வைப்பார். அது காய்வதற்குள் போகவேண்டிய கல்யாணம் முடிந்துவிடும். மனைவி, கடிதம் ஏன் தாமதம் என்று தபால் புறாவோடு சண்டை போடுவாள். மகன் ரதத்தை நிறுத்த இடமில்லாமல் கோட்டையை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்த வழியே வீடு திரும்புவான். வீடு, ஒன்பது மாடி மண் கட்டடத்தின் உச்சியில். ஏறி இறங்க ஒரு பெரிய கூடை. கூடையை இழுக்க, கீழே குழிக்குள் ஒருத்தி. அவள் முகம் திரையில் வந்ததே இல்லை. இரண்டு கைகள், ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான் அவள்.

முதலில் முணுமுணுப்புகூடக் கிடையாது. ஒருநாள் இயக்குநர், "இவ ஏதாவது சொன்னா நல்லா இருக்குமே" என்று தாடையைச் சொறிந்தபோது, கைக்காரர் சும்மா ஒரு வாக்கியத்தைச் சொல்லிவைத்தார். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பாகத்துக்கும், "கைக்காரரே, உங்க கயிற்றுக்காரி இந்த வாரம் என்ன சொல்றா?" என்று அவர் மேசைக்கே வந்து கேட்டார்கள். தனி அறை கிடைத்தது அதனால்தான்.

அவருக்கொன்றும் கற்பனை பொங்கி வழியவில்லை. காலையில் சமையலறையில் அக்கா முணுமுணுப்பதைக் காதில் வாங்கிக்கொண்டு, பேருந்தில் அதை, பிழைக்க வந்த ஊரின் மொழிக்கு மாற்றுவார். "ஆளுக்கொரு நேரம் பசிச்சா அடுப்பு என்ன பண்ணும்?" என்று அவள் சொன்னது, "ஆளுக்கொரு நேரம் ஏறினா கயிறு என்ன பண்ணும்?" என்று ஆகும்.

அக்கா ஏழு வயது மூத்தவள். மூத்த மகள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது, "ரெண்டு பேரும் வேலைக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஒரு பெட்டியோடு வந்தவள். பெண்ணுக்கு இப்போது பதினாலு. அந்த ஊர் மொழி அவளுக்குப் பேருந்துக்கும் காய்கறிக்கும் போதும். கார்ட்டூனைக் காது கொடுத்துக் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில்தான் கைக்காரர் இத்தனை வருஷம் ஓட்டினார்.

போன மாதம் நிறுவனத்தில் சொன்னார்கள்: தொடர் அவருடைய தாய்மொழியிலும் வரப்போகிறது. வீட்டிலேயே அந்த மொழி பேசுகிறவர் என்பதால், மொழிபெயர்த்த வசனத்தை அவரே சரிபார்க்க வேண்டும். கட்டாக வந்த தாள்களைப் பிரித்து, கயிற்றுக்காரியின் வரிகளைத் தேடிப் படித்தார். யாரோ முகம் தெரியாத மொழிபெயர்ப்பாளர், அக்காவை ஒருநாளும் பார்த்திராதவர், அவள் பேச்சைக் கிட்டத்தட்ட அவள் வாயிலிருந்து வந்தபடியே திருப்பி எழுதியிருந்தார்.

"உங்க அக்காகிட்ட சொல்லிடுங்க. அவங்களா கண்டுபிடிச்சா அசிங்கம்" என்றாள் மனைவி.

"நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். சிவப்புப் பேனாவை எடுத்துக் கயிற்றுக்காரியின் வரிகளை எல்லாம் அடித்துவிட்டு, மேலே வழவழவென்று வேறு எழுதினார். அக்காவுக்குத் தெரிந்துவிடக் கூடாது. வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். அவள் மனம் விட்டுப்போனால் அந்த வீட்டில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று அவருக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் பாகம் வந்தது. "நம்ம மொழியிலயா? இருங்கடி, நானும் வரேன்" என்று அக்கா ஈரக்கையோடு வந்து உட்கார்ந்தாள். களிமண் விண்ணப்பத்துக்குச் சிரித்தாள். புறாச் சண்டைக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கைக்காரர் திரையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழி வந்தது. கைகள் வந்தன. கயிற்றைப் பிடிப்பதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பில் ஒருமுறை துடைத்துக்கொண்டன. இடது மணிக்கட்டில் நாலைந்து நார் வளையங்கள். "கயிறு கனமாக இருக்கிறது. சற்றுப் பொறுத்திருங்கள்" என்றது குரல்.

"இவ என்ன பேங்க் நோட்டீஸ் மாதிரி பேசறா?" என்றாள் அக்கா. அதற்குள் அவள் பார்வை தன் இடது கைக்குப் போயிருந்தது. காய்கறிக் கட்டிலிருந்து கழற்றிய ரப்பர் பேண்டுகள் மணிக்கட்டில் வரிசையாகக் கிடந்தன.

"அப்பா, ஏன் மாத்தினீங்க?" மூத்தவள் கத்தினாள். "அவ இப்படிப் பேசவே மாட்டா. அச்சு அசல் அத்தை மாதிரி பேசுவா. அதான் ஸ்கூல்ல எல்லாருக்கும் அவளப் பிடிக்கும்."

மனைவி டிவியை நிறுத்தினாள்.

"கை என்னோடதுதான்," என்றாள் அக்கா. "பேச்சும் என்னோடதா?"

"சும்மா, தமாஷுக்கு, அக்கா..."

"எழுதினது இருக்கா? கொண்டா."

கொண்டுவந்தார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் மேலே எழுதியதை விட்டுவிட்டு, சிவப்புக் கோட்டுக்கு அடியில் கிடந்ததைப் படித்தாள். ஓரிடத்தில் பட்டென்று சிரித்துவிட்டாள். "அடப்பாவி, இதக்கூடவா விடல?" இன்னொன்றுக்கு, "இத நான் இன்னும் நல்லா சொல்லியிருப்பேனே" என்றாள். அவருக்கு மூச்சு கொஞ்சம் இலகுவானது. அருகில் நாற்காலியை இழுத்தார்.

பிறகு அவள் விரல் ஒரு வரியில் நின்றது. 'கீழ ஒருத்தி இருக்கேன்னு ஞாபகம் இருக்கா, இல்ல கூடை தானா ஏறுதுன்னு நெனச்சீங்களா?' தொடரிலேயே பேர்போன வரி அது. அந்த ஊரில் பனியன்களில் அச்சடித்து விற்றார்கள்.

"இது எனக்கு மூணு நாள் காய்ச்சல் அடிச்சப்ப சொன்னது," என்றாள். "நீங்க எல்லாரும் வந்து ராத்திரிக்கு என்னன்னு கேட்டீங்க. சாப்பாடு தானா வருதுன்னு நெனச்சீங்களான்னு கேட்டேன். அழுதுட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"இதுக்கும் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"நீ?"

நிறுவனத்தில் அதைச் சொல்லிக்காட்டியபோது, அந்த அழுகைக் குரலையும் சேர்த்து நடித்துக் காட்டியது அவருக்கு ஞாபகம் வந்தது. சிரிப்பு அடங்க அன்று வெகுநேரம் ஆனது. "நானும்தான்" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள். தாள்கட்டு பாதிகூட முடியவில்லை. அவர் மெல்ல நாற்காலியில் உட்காரப் போனார்.

"நில்லு," என்றாள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இன்னும் படிச்சு முடிக்கல."

கைக்காரர் நின்றார். இருட்டிக்கொண்டு வந்தும் யாரும் விளக்குப் போடவில்லை. அவள் ஒவ்வொரு வரியாக, அவசரமில்லாமல் படித்து, அடுத்த தாளைத் திருப்பினாள்.