பிரபு வேடத்தில் முதலாளி

அன்று பென்டில் ஹில் மண்டபத்தில் தமிழ் நாடகம். எங்கள் வீட்டிலிருந்து நான்கு பேர். முன்வரிசையில் அப்பா, அம்மா, நான். மேடையில் சித்தப்பா. அவரோடு மேடையில் நின்ற முதலாளி எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் அந்த வருடம் அவரைப் பற்றிப் பேசாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்கியதில்லை.

சித்தப்பா அவருடைய கடையில் சமையல்காரர். முதலாளி கையெழுத்து வைத்தால்தான் நிரந்தர விசா. அந்த விசா வந்தால்தான் யாழ்ப்பாணத்தில் பெண் தருவார்கள். அம்மா கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்தார். நான் நகம் கடித்தேன். வயதில் சின்னவன் என்றாலும் கவலைப்படுவதில் பெரிய ஆள்.

நாடகம் பழைய பிரெஞ்சு நகைச்சுவை ஒன்றின் தமிழாக்கம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். பிரெஞ்சு நாடகம் என்றால் இன்றுவரை எனக்கு அது ஒன்றுதான். வேலைக்காரன் கலியாணம் கட்டப் பிரபுவிடம் அனுமதி கேட்பான். பிரபு இழுத்தடிப்பார். கடைசியில் வேலைக்காரன் அவரை முட்டாளாக்கிவிடுவான். மண்டப வாடகை கொடுத்தவர் முதலாளி. அவருக்குப் போய் வேலைக்காரன் வேடமா கொடுப்பார்கள்? பிரபு அவர்தான்; வேலைக்காரன் சித்தப்பா. நாடகம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று அவரிடம் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

இரண்டாம் காட்சியில் சித்தப்பா குனிந்து அனுமதி கேட்டார். முதலாளிக்கு வசனம் மறந்துவிட்டது. வெள்ளைப் பொய்முடி வேறு ஒரு பக்கம் சரிந்தது. கடைசியில், கடையில் கையெழுத்துக் கேட்கும்போது தினமும் சொல்வதையே அவர் சொன்னார்.

“அவசரப்படாத. சித்திரை போகட்டும், பாப்பம்.”

சித்தப்பா நிமிர்ந்தார். “எந்தச் சித்திரை ஐயா? போன வருசச் சித்திரையும் போயிட்டுதே!”

மண்டபம் அதிர்ந்தது. வந்திருந்தவர்கள் எல்லாம் அந்தக் கடையில் கொத்து ரொட்டி வாங்குகிறவர்கள். விஷயம் தெரியாதவர் இல்லை. “விசா போச்சு” என்று அம்மா முணுமுணுத்தார். அப்பா என் முழங்காலை நசுக்கினார். முதலாளியோ, சிரிப்பு தன் நடிப்புக்கு என்று நினைத்து, பொய்முடியைப் பிடித்தபடி “பாப்பம்! பாப்பம்!” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

முடிந்ததும் உடுப்பு மாற்றும் அறைக்கு ஓடினோம். கத்தப்போகிறார் என்று பார்த்தால், முதலாளி சித்தப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

“சனம் சிரிச்ச சிரிப்பைப் பாத்தியே? மெல்பனுக்கும் கொண்டு போவம். அங்க கிளேட்டனில மண்டபம் என்ர செலவு!”

இதுதான் சமயம் என்று அம்மா மெல்ல, “அண்ணை, அந்தக் கையெழுத்து...” என்றார்.

“வைச்சா உவன் வேற கடைக்குப் போயிடுவான், தங்கச்சி. பிறகு நான் ஆரோட நடிக்கிறது? மெல்பன் முடியட்டும், பாப்பம்.”

நான் துள்ளினேன். பிளேனில் போவோம் அல்லவா? “சித்தப்பா, மெல்பன்! மெல்பன்!” என்று அவர் கையைப் பிடித்து ஆட்டினேன். ஒருநாளும் என்னை அதட்டாதவர், ஒட்டுமீசையை ஒரே இழுவையில் பிய்த்தபடி, “சும்மா இரடா!” என்றார். பிய்த்த இடம் சிவந்துபோயிருந்தது. பசை எரிகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, மெல்பனில் சரியான குளிராமே, என் ஜாக்கெட் சின்னதாகிவிட்டதே என்ற கவலையோடு காரில் ஏறினேன்.