குச்சி பொறுக்கிய மெஷின்

இலங்கையில் பதுளைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நாங்கள் ஆறு பெண்கள் தரையில் உட்கார்ந்து, காய்ந்த தேயிலையிலிருந்து குச்சி பொறுக்குவோம். எழுபதுகளில் அந்த வேலைக்கு மெஷின் வந்தது. இரண்டே நாளில் கற்றுக்கொண்டதால் என்னை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற ஐந்து பேரையும் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள்.

அவர்களில் என் பக்கத்து லய வீட்டில் குடியிருந்த அக்காவுக்குப் பிறவியிலேயே கால் ஊனம்.

"இந்தக் காலோட மலை ஏற முடியாதுங்க ஐயா," என்று தோட்டத்துத் துரையிடம் கெஞ்சினார். நானும் அங்கேதான் நின்றேன். அக்காவுக்கும் மெஷினைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வேலை போய்விடுமோ என்று பயந்து சும்மா இருந்தேன்.

அந்த மழைக்காலத்திலேயே அக்கா சரிவில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன்.

"மெஷின் நல்லா ஓடுதா?" என்று கோபமில்லாமல்தான் கேட்டார்.

"ஓடுதுக்கா," என்றேன். அக்கா அப்புறம் எந்த வேலைக்கும் போகவில்லை.