மணலாற்றில் நின்ற லாரி

அரிசோனாப் பாலையில் கழுதைக்காது மலைமேல் கோடையிடி இறங்கினால், ஓஹோ செகோ ஊரில் கோழிகள்கூட முட்டையை அடக்கிக்கொள்ளும். எர்மீனியா மட்டும் கேமராவும் முக்காலியுமாகக் கிளம்பிவிடுவாள்.

பிழைப்பு வேறு. மணலாற்று வெள்ளத்தில் மாட்டிய கார்களைத் தன் லாரியால் இழுத்துக் கரையேற்றுவாள். கூலியோடு வசவும் சேர்த்தி.

"தலைக்கு மேல வெயிலடிச்சா ஆறு காஞ்சு கெடக்கும்னு நெனப்போ? மலையைப் பாக்கணும்யா! அங்க பெஞ்சா இங்க வரும்."

லாரிக் கதவில் அவள் பெயரும், அதற்கடியில் 'ஆற்றில் இறங்காதீர்' என்பதும் சிவப்புக் கொட்டையெழுத்தில் இருக்கும்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. இரும்புக்கடைக்காரர் ஊருக்கெல்லாம் கொடுக்கும் காலண்டரில் ஜூலைப் பக்கம். அது வருடம் தவறாமல் தபால்காரர் டெல்பர்ட் எடுத்த மின்னல் படத்துக்கே போனது.

"இந்த வருசமும் கரண்டு கம்பிதானா, எர்மீனியா?" என்பார் அவர். "கம்பி நல்லா விழுந்திருக்கு."

கம்பி குறுக்கிடாமல் மலையின் இரு காதும் தெரிவது அக்கரையிலிருந்துதான். அந்தக் கரை செங்குத்து, லாரி ஏறாது. அன்று சாயங்காலம் காதுகளுக்கு நடுவே மேகம் கத்தரிக்காய் நிறத்தில் திரண்டது. லாரியை ஆற்று மணலிலேயே விட்டுவிட்டுக் கரையேறினாள். ஒரே ஒரு படம்தானே.

கேமராவை முக்காலியில் பொருத்தி, மலையைக் குறிவைத்துக் காத்திருந்தாள். ஆற்றின் மேல்பக்கம் கூட்ஸ் வண்டி போல ஓர் உறுமல். நீளமான இடி என்று மனதுக்குள் மெச்சினாள். அது இடியல்ல. வேரோடு மரங்கள், யார் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியோ, அவற்றின் பின்னே தண்ணீர். லாரி மாப்பிள்ளை ஊர்வலம் போல நிதானமாக நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து இரண்டு காதிலிருந்தும் மின்னல் இறங்க, கை அவளைக் கேட்காமல் பொத்தானை அழுத்திவிட்டது.

வெள்ளம் வடிந்தபின், கீழே சேற்றில் ஒதுங்கிய லாரியை மீட்கக் கணவன் சூய் வந்து சேர்ந்தான்.

"மலையைத்தானே பாத்துக்கிட்டிருந்தே, கெழவி?"

"மலையை மட்டுந்தான் பாத்தேன், கெழவா."

படம் அபாரம். இரட்டை மின்னல், அதன் வெளிச்சத்தில் மிதக்கும் லாரி, கதவில் எழுத்துக்கு எழுத்து அவள் பெயர், எச்சரிக்கை உட்பட.

"கீழ்ப்பக்கத்தை வெட்டிடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் சூய்.

உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தாள். மின்னல் விழுவதற்குத் தரையே இல்லாமல் போனது. டெல்பர்ட்டின் மின்னல் போலவே இருந்தது. கையை எடுத்தாள்.

"வேணாம். ஊர் சிரிச்சா சிரிச்சிட்டுப் போவுது."

டெல்பர்ட் படத்தை வெகுநேரம் பார்த்தார். "கம்பி இல்ல," என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஜூலை. கழுத்தளவுச் சேற்றில் ஒரு கார். எர்மீனியா வழக்கம்போல வாயைத் திறந்தாள்.

"அம்மா, காலண்டர்ல உங்க படம் எங்க வீட்டு அடுப்படியிலதான் தொங்குது," என்றான் கார்க்காரன், மிகுந்த மரியாதையோடு.

அவள் வாயை மூடிக்கொண்டு கொக்கியை மாட்டினாள். அந்த வருடம் முழுக்க, கூலி மட்டும்தான்.