செல்வியிடம் மறைத்த படிப்பு

எழுபதுகளின் கடைசியில் நானும் தோழி செல்வியும் விலங்கியல் பட்டம் முடித்துவிட்டுச் சங்கரன்கோவிலில் வீட்டோடு இருந்தோம். மூளை, நரம்பு பற்றிய பாடமென்றால் இருவருக்கும் உயிர். மதிப்பெண்ணில் எப்போதும் அவள்தான் முன்னால்.

அந்தப் பாடத்தில் மேல்படிப்புக்குச் சென்னையில் ஆள் சேர்ப்பதாக நூலகத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். அன்று மாலையே செல்வி கேட்டாள்: "ஏட்டி, மூளையப் பத்தி மேல படிக்க எங்கனயாவது வழியிருக்கா? இல்லன்னா வீட்ல பி.எட். சேரச் சொல்லுதாவ."

"ஒண்ணும் இல்லட்டி, பி.எட்.டே சேந்துரு" என்றேன். அவள் விண்ணப்பித்தால் எனக்கு இடம் கிடைக்காது என்ற பயம்.

நேர்காணலில் என்னைத் தேர்ந்தெடுத்த பேராசிரியர், "பத்து இடத்துக்கு நாலு பேர்தான் வந்திருக்கீங்க. உங்க ஊர்ல வேற யாரும் இல்லையாம்மா?" என்றார்.

ஊருக்கு வந்து செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குள் அவள் பி.எட். சேர்ந்திருந்தாள்.

"அன்னைக்கே சொல்லிருந்தா ரெண்டு பேரும் சேந்து போயிருக்கலாமேட்டி" என்றாள். திட்டவே இல்லை.

இன்று என்னிடம் மேல்படிப்புக்கு வழி கேட்டு வரும் பிள்ளைகளுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன். செல்விக்குச் செய்தது மட்டும் அதனால் ஆறுவதில்லை.